தாத்தாவின் துப்பாக்கியும் அப்பாவின் மைக்ரோமீட்டரும்

எங்கள் வீட்டில் 45 வருடம் ஓடிய சண்டை ஒன்று உண்டு. சொத்துச் சண்டை இல்லை. ஒரு ரிவால்வரைக் கெடுத்தது யார் என்கிற சண்டை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்தவர்களுக்குச் செண்பகத்தோப்பு தெரிந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். சாம்பல் நிற அணில்கள் வாழும் காடு. அந்தக் காட்டோரத்தில் தாத்தாவுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. காய்க்கிற காலத்தில் ராத்திரி காவலுக்கு அவரேதான் போவார். கையில் டார்ச் லைட், இடுப்பில் ரிவால்வர்.

பட்டாளத்தில் இருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம், 1950-களில் முறைப்படி லைசென்ஸோடு வாங்கியது. வெப்லி மார்க் 6. இங்கிலாந்தில் பர்மிங்காமில் செய்தது. முதல் உலகப்போர் சமயத்தில், 1915-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட மாடல். ஆறு தோட்டா போடலாம். கீல் வைத்த பெட்டி மாதிரி நடுவில் மடங்கித் திறக்கும்.

உண்மையைச் சொன்னால், காட்டுப்பன்றியை விரட்ட அது தேவையே இல்லை. தகர டின்னைத் தட்டினாலே பன்றி ஓடிவிடும். ஆனாலும் அது இடுப்பில் இருந்தால் தாத்தாவின் நடையே வேறு. தேர்தல் வந்தால் மட்டும் முகம் வாடிவிடும். லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமே! ரிசல்ட் வந்து அதைத் திரும்ப வாங்கும் வரை அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்காது.

சண்டை ஆரம்பித்தது 1976-ல். அப்பாவுக்கு அப்போது 18 வயது. ராஜபாளையத்தில் மில்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு லேத் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் ரிவால்வரின் சிலிண்டரில் துரு ஏறியிருந்ததைப் பார்த்து, தாத்தாவுக்குத் தெரியாமல் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். பாராட்டு கிடைக்கும் என்று நினைத்தாராம்.

கொஞ்ச நாள் கழித்து, தாத்தா தோப்பில் ஒரு பலகையை நிறுத்தி வைத்துச் சுட்டுப் பார்த்தார். நான்கு குண்டில் ஒன்றுதான் பலகையிலேயே பட்டது. அதுவும் வட்டமான ஓட்டை இல்லை. சாவித் துவாரம் போல நீளமாக இருந்தது. நேராகப் போக வேண்டிய குண்டு, பல்டி அடித்துப் பக்கவாட்டில் போய்ப் பட்டிருக்கிறது.

"தேய்ச்சுத் தேய்ச்சுக் கெடுத்துட்டியேடா! வெள்ளைக்காரன் செஞ்சதைத் தொட உனக்கு என்னடா தகுதி?" என்று பத்துப் பேர் முன்னால் தாத்தா கத்தினார். அதன் பிறகு வீட்டில் எது பழுதானாலும் வெளியாளைத்தான் கூப்பிடுவார். அப்பா சொந்தமாக லேத் பட்டறை வைத்து, பத்துப் பேருக்கு வேலை கொடுத்த பிறகும், தோப்பு பம்ப்செட்டைக்கூட அவரைத் தொட விட்டதில்லை.

அப்பா எதிர்த்துப் பேசியதே இல்லை. ஏனென்றால், தான்தான் கெடுத்தோம் என்று அவரும் நம்பினார். பட்டறைக்கு வரும் பையன்களிடம் அவர் முதலில் சொல்வது, "அளக்காம கை வைக்காதே." அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

2021-ல் தாத்தா காலமானார். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். மதுரையில் ஒரு கடையில் ஒப்படைத்தோம். அங்கே பழுதுபார்க்கும் உரிமமும் இருந்தது. வயதான ஒரு மெக்கானிக்கும் இருந்தார்.

எழுத்து வேலை முடிந்த பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. "ஐயா, ஒரு தடவை அளந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். பைக்குள் இருந்து மைக்ரோமீட்டரையும் துளை அளக்கும் கேஜையும் எடுத்தபோதுதான், அவர் இதற்காகவே வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்போது அவருக்கு 63 வயது.

மற்றத் துப்பாக்கிகளில் தோட்டா இருக்கும் அறையும், குண்டு வெளியேறும் குழலும் ஒன்றோடொன்று இறுகச் சேர்ந்திருக்கும். ரிவால்வரில் அப்படி இல்லை. சுழலும் சிலிண்டரில் ஆறு அறைகள். அதற்கு முன்னால், நூலிழை இடைவெளி விட்டு, தனியாகக் குழல். அறையின் வாயில் இருந்து குண்டு அந்த இடைவெளியைத் தாண்டி குழலுக்குள் நுழைய வேண்டும். அதனால் அறை வாயின் அளவும் குழலின் அளவும் பொருந்த வேண்டும். வாய் குழல் அளவுக்கோ, ஒரு மயிரிழை கூடுதலாகவோ இருப்பது நல்லது. சிறிதாக இருந்தால் குண்டு அங்கேயே நசுங்கி இளைத்துவிடும். பிறகு பெரிய குழலுக்குள் லொடலொடவென்று போகும். குழலுக்குள் இருக்கும் முறுக்குக் காடிகள் குண்டைப் பிடித்துச் சுழற்றினால்தான் அது நேராகப் போகும். பிடி கிடைக்காவிட்டால் பல்டிதான்.

அப்பா ஆறு அறைகளின் வாயையும் அளந்தார். எல்லாம் 450 தவ். தவ் என்பது பட்டறை பாஷை. ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குழலின் காடி அளவு 455. ஐந்து தவ் வித்தியாசம். குழல்தான் பெரிது.

அப்பா கேஜைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் தேய்ச்சிருந்தா அறை வாய்தானே பெருசாகியிருக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார். "இங்கே வாய்தானே சிறுசா இருக்கு? குழலை நான் தொடவே இல்லையே!"

மெக்கானிக் சிரித்தார். "தம்பி, கையால தேய்ச்சா ஆறு வாயும் ஒரே அளவா வருமா? நீங்களே லேத்காரர். ஆறும் ஒண்ணா இருக்குன்னா அது ஃபேக்டரி வேலை. இது நோய் இல்ல. பிறவியே இப்படித்தான். பழைய வெப்லியில இப்படி நிறைய பார்த்திருக்கேன்."

அப்படியென்றால் ராணுவம் எப்படி இதை வைத்துச் சுட்டது? பதில் குண்டில் இருந்தது. இதற்கென்று செய்த குண்டு, சுமார் 17 கிராம் எடையுள்ள மென்மையான ஈயம். அதன் அடிப்பக்கம் கிண்ணம் போலக் குழிவாக இருக்கும். மருந்து வெடித்ததும் அந்த அழுத்தத்தில் கிண்ணத்தின் ஓரம் விரிந்து, குழலை அடைத்துக்கொள்ளும். இடைவெளியைக் குண்டே நிரப்பிவிடும்.

இது பழைய யோசனை. 1849-ல் பிரான்ஸின் மினியே இப்படி விரியும் குண்டைச் செய்தார். நாம் பள்ளியில் படித்த, 1857 சிப்பாய்கள் கடிக்க மறுத்த கொழுப்புத் தோட்டா இருக்கிறதே, அந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் குண்டும் இதே வகைதான். அமெரிக்காவின் கோல்ட் ரிவால்வர்கள் சிலவற்றில் தோட்டாவை மாற்றியபோது குண்டு சிறிதாகிவிட, பழைய பெரிய குழலுக்குப் பொருந்த இதே குழிவைத்தான் நம்பினார்கள்.

"உங்க அப்பா என்ன தோட்டா போட்டாரு?" என்று மெக்கானிக் கேட்டார்.

அப்பாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த வருடம் கம்பெனித் தோட்டா கிடைக்காமல், யாரோ அடைத்துக் கொடுத்த தோட்டாவைத் தாத்தா வாங்கி வந்திருந்தார். கெட்டியான ஈயம். அடியில் குழிவு இல்லை, தட்டை. முதலில் அதுவே தப்பு. அந்தக் குண்டு 450-ல் நசுங்கி, 455-க்கு விரியவே முடியாமல் போயிருக்கிறது.

"அறை வாயை எல்லாம் ரீமர் போட்டு அஞ்சு தவ் பெருசாக்கிட்டா சரியாயிடுமே?" என்றேன் நான். செய்யலாம் என்றார் மெக்கானிக். வெளிநாடுகளில் செய்கிறார்களாம். குழலுக்குள் சின்னக் குழலைச் செருகுவதும் உண்டாம். ஆனால், உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம். உரிமம் உள்ளவரும் இதில் கை வைக்கும் முன் யோசிப்பார். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. நூறு வயதுப் பொருள். தனக்கான குண்டைப் போட்டால் சரியாகவே வேலை செய்யும் பொருள்.

"வேண்டாம்" என்றார் அப்பா. "கெட்டுப்போகாததை எதுக்குச் சரிபண்ணணும்?"

தாத்தா இறந்த அதே வருடம்தான் செண்பகத்தோப்புக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. 1988-லேயே அது அணில் சரணாலயம். அங்கே துப்பாக்கிக்கு என்ன வேலை? லைசென்ஸை அப்பா தன் பெயருக்குக் கேட்கவில்லை. ரிவால்வரை அரசிடமே ஒப்படைத்துவிட்டோம்.

மதுரையில் இருந்து திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "உங்க தாத்தா உசுரோட இருக்கும்போதே அளந்திருக்கலாம்டா." கோபமாகச் சொல்லவில்லை. அவர் திட்டுவாரே என்று பயந்து, இவர் அளக்கக் கேட்கவில்லை. இவன் கெடுத்துவிட்டானே என்ற கோபத்தில், அவர் காட்டவில்லை. ஐந்து தவ்தான். அங்குலத்தில் இருநூறில் ஒரு பங்கு.

கடையில் அளந்த கணக்கை அப்பா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார். 450, 450, 450 என்று ஆறு தடவை, கீழே 455. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தாத்தா படத்தை இறக்கினேன். ஃப்ரேமுக்குப் பின்னால் அந்தச் சீட்டு செருகியிருந்தது. துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவைத்தேன்.