பாவாடை என்றொரு பாட்டன்

மலேசியாவில் லிங்கி, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு வம்சாவளி எழுதித் தருகிறேன். வருகிறவர்கள் பாட்டன் பெயரைத் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்கள். பாவாடை. பிச்சை. மூக்கன். "கணக்கெழுதின கிராணி தப்பா எழுதிட்டாரோ?" என்று கேட்பார்கள். தப்பே இல்லை, அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்பேன்.

மேல்மலையனூர் அங்காளம்மனின் காவல்தெய்வம் பாவாடைராயன். பழைய தென்னாற்காட்டில் அவர் பெயரை ஆண்பிள்ளைக்கு நேர்ந்து வைப்பார்கள். பாட்டி பெரியக்காண்டி என்றால் மணப்பாறையை அடுத்த வீரப்பூர்ப் பக்கம் விசாரிப்பேன்; பொன்னர் சங்கர் கதையில் வரும் தெய்வம் அவள். ஊர்ப்பெயர் மறந்துபோன வீட்டிலும் குலசாமி இப்படிப் பெயரில் தங்கியிருக்கும்.

பிச்சை, குப்பன், மூக்கன் வேறு வகை. முன்பிறந்தவை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுப்பார்கள், மூக்குக் குத்துவார்கள், தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். எமன் இது வேண்டாத பிள்ளை என்று விட்டுவிட வேண்டும். எத்தனை பிள்ளைகளைப் புதைத்த தாய் வைத்த பெயர் அது! அதனால், "தாத்தாவுக்கு மூக்கில் துளை இருந்ததா?" என்று கட்டாயம் கேட்பேன்.

பாட்டியிடம் நேராகக் கேட்டுப் பயனில்லை. புருஷன் பேரை வாயால் சொல்லாத தலைமுறை. ஏழுமலையின் மனைவி ஏழு என்றுகூடச் சொல்லமாட்டார், 'ஆறும் ஒண்ணும்' என்பார். பாட்டனின் தங்கை வழியில் போனால் கூப்பிட்ட பெயர், பட்டப்பெயர் எல்லாம் கிடைக்கும்.

ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்த மற்றவர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொள்வேன். இது எனக்கு மிகவும் கைகொடுத்த வழி. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தபின் 1938 வரை ஆள் சேர்த்ததில் கங்காணிகளுக்குப் பெரும் பங்கு. அவர்கள் சொந்த ஊரிலும் உறவிலும்தான் முதலில் ஆள் பிடித்தார்கள். பக்கத்து வீடுகளில் இரண்டு பாவாடை, ஓர் அங்காயி, ஒரு பச்சையம்மா இருந்தால் எந்த வட்டாரம் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

காகிதங்கள் அதற்கப்புறம். தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோல், பிறப்புப் பத்திரம், 1948 அவசரகாலத்தில் வந்த அடையாள அட்டை என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் எழுத்துக்கூட்டல் இருக்கும். வம்சாவளியில் கூப்பிட்ட பெயரை முதலில் எழுதி, அந்தக் கூட்டல்கள் அத்தனையையும் அதன்கீழே போடுகிறேன். 'பாவாடைசாமி' என்று கௌரவமாக மாற்றச் சொல்லும் பேரப்பிள்ளைகளிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன்.