கணினியிடம் ஒரு கேள்வி

தகவல் இருப்பது வேறு. அது கைக்குக் கிடைப்பது வேறு. பாடத்திட்டப் பணிக்கு வந்த பிறகு நான் அன்றாடம் உணர்ந்த உண்மை இது. எந்தெந்தப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்படுகிறது, ஒரு மாவட்டத்தில் எத்தனை மாணவர்கள் படிவம் ஒன்றில் சேர்ந்துள்ளனர், எந்தப் பள்ளிக்கு எத்தனை கதைநூல்கள் சென்றன என்பன போன்ற விவரங்கள் எல்லாம் கணினியில் பத்திரமாக இருக்கும். ஆனால், அவற்றை எடுத்துத் தருவதற்குக் கணினியின் மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். நாங்கள் கேள்வியை எழுதி அனுப்புவோம். அவருக்கு நேரம் கிடைக்கும்போது விடை வரும். அந்த விடையைப் பார்த்ததும் இன்னொரு கேள்வி பிறக்கும். மறுபடியும் காத்திருப்போம்.

இப்போது இந்த நிலை மாறி வருகிறது. நாம் பேசும் சாதாரண ஆங்கிலத்தில் கேள்வியைத் தட்டச்சு செய்தால் போதும்; செயற்கை நுண்ணறிவுக் கருவி அதைக் கணினியின் மொழிக்கு மாற்றிச் சில நொடிகளில் விடையை முன்வைக்கிறது. மலாயிலும் தமிழிலும்கூட இவ்வாறு கேட்க முடிகிறது. இந்த வசதியை நான் மனமார வரவேற்கிறேன். அதே வேளையில், அதனோடு பழகப் பழக ஒன்று தெளிவாகிறது. விடை எளிதாகக் கிடைக்கும் காலத்தில்தான் கேள்வியை அதிகக் கவனத்துடன் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில், தரவுத்தளம் என்பது என்ன என்று பார்ப்போம். உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிடைவரிசையிலும் ஒரு மாணவர். ஒவ்வொரு நெடுவரிசையிலும் அவரைப் பற்றிய ஒரு விவரம். இத்தகைய பல அட்டவணைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வைத்திருப்பதே தரவுத்தளம். இம்முறைக்கு அடித்தளமிட்ட ஆய்வுக் கட்டுரையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியவர். அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு, இத்தகைய அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கென்று ஒரு மொழியை அறிமுகப்படுத்தினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சீக்குவல்'. 'கட்டமைக்கப்பட்ட ஆங்கில வினவல் மொழி' என்பது அதன் விரிவு. பின்னர் அது 'எஸ்.கியூ.எல்.' எனச் சுருங்கியது. இன்றும் உலகெங்கும் அது பயன்பாட்டில் உள்ளது.

அப்பெயரில் 'ஆங்கில' என்னும் சொல் இருந்ததைக் கவனியுங்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் கணினியிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பதே அவ்விருவரின் விருப்பம். அதனால்தான், 'தேர்ந்தெடு', 'இதிலிருந்து', 'இந்த நிபந்தனைப்படி' என்னும் பொருள் தரும் எளிய ஆங்கிலச் சொற்களால் அம்மொழியை அமைத்தனர். ஆயினும், ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் கணினி அந்தக் கட்டளையை ஏற்காது. எனவே, எல்லாருக்கும் என்று பிறந்த மொழி, நாளடைவில் பெரும்பாலும் கணினித் துறையினரின் மொழியாகிப் போனது.

மனிதர் பேசும் மொழியிலேயே கேட்கும் முயற்சியும் புதிதன்று. 1969ஆம் ஆண்டு அப்போலோ 11 விண்கலத்தில் சென்றவர்கள் நிலவிலிருந்து பாறைகளைக் கொண்டு வந்தனர். அப்பாறைகளின் வேதியியல் விவரங்களைப் புவியியல் அறிஞர்கள் ஆங்கிலத்திலேயே கேட்டறிவதற்காக, வில்லியம் வுட்ஸ் தலைமையிலான குழு 'லூனார்' என்னும் முறைமையை உருவாக்கியது. 1971ஆம் ஆண்டு ஹியூஸ்டன் நகரில் நடைபெற்ற நிலவு அறிவியல் மாநாட்டில் அது செயல்விளக்கம் செய்து காட்டப்பட்டது. ஆனால், நிலவுப் பாறைகளைத் தவிர வேறு எதையும் அதனிடம் கேட்க இயலாது. ஒவ்வொரு துறைக்கும் சொற்களையும் இலக்கண விதிகளையும் மனிதர்களே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்றைய பெருமொழி மாதிரிகள் அந்தத் தடையைத் தாண்டிவிட்டன. அவை கணக்கற்ற பக்கங்களைப் படித்து, சொற்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் பாங்கைக் கற்றுக்கொண்டவை. அந்தப் பக்கங்களுள் ஆங்கிலமும் உண்டு, எஸ்.கியூ.எல். கட்டளைகளும் உண்டு. நாம் கேள்வி கேட்கும்போது, அக்கேள்வியோடு அட்டவணைகளின் பெயர்களும் நெடுவரிசைகளின் பெயர்களும் மாதிரிக்குத் தரப்படுகின்றன. அவற்றைக் கொண்டு மாதிரி ஒரு கட்டளையை எழுதுகிறது. தரவுத்தளம் அக்கட்டளையை நிறைவேற்றி எண்ணைத் தருகிறது. இங்கே வேலை இரண்டாகப் பிரிந்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். எண்ணுவது தரவுத்தளம், அது எண்ணுவதில் தவறுவதில்லை. ஆனால், எதை எண்ண வேண்டும் என்று முடிவு செய்வது மொழி மாதிரி. நாம் கேட்க நினைத்தது ஒன்றும் அது புரிந்துகொண்டது வேறொன்றுமாக இருந்தால், தவறான கேள்விக்குத் துல்லியமான விடை நம் கைக்கு வந்து சேரும்.

இதை எனக்கு நன்கு உணர்த்திய ஒரு நிகழ்வைக் கூறுகிறேன். ஆசிரியர்களுக்கான ஒரு பயிலரங்கிற்காக, இருபது கற்பனைத் தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட ஒரு பயிற்சி அட்டவணையை நாங்கள் உருவாக்கியிருந்தோம். பள்ளியின் பெயர், முகவரி, மாவட்டம், மாணவர் எண்ணிக்கை, நகர்ப்புறமா புறநகரா என்னும் விவரங்கள் அதில் இருந்தன. நெடுவரிசைகளின் தலைப்புகள் மலாயில் இருந்தன. தோட்டப்புறப் பள்ளிகளுக்குக் கூடுதலாகக் கதைநூல்களும் போக்குவரத்து உதவியும் வழங்குவதாக வைத்துக்கொண்டு, எத்தனை பள்ளிகள் தோட்டங்களில் உள்ளன என்று என்னுடன் பணிபுரியும் இளைய அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒன்பது என்று வருகிறது, டீச்சர்," என்றார் அவர்.

கருவி எழுதிய கட்டளையைத் திறந்து பார்த்தோம். தோட்டம் என்பதற்கு மலாய்ச் சொல் 'லாடாங்' என்று அது சரியாகவே அறிந்திருந்தது. பின்னர், பெயரில் 'லாடாங்' என்னும் சொல் உள்ள பள்ளிகளை எல்லாம் எண்ணிவிட்டது. ஆங்கிலக் கேள்வி, மலாய்த் தலைப்பு, தமிழ்ப்பள்ளி என மூன்றையும் இணைத்த அதன் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், மலேசியத் தமிழருக்குத் தெரிந்த ஒரு வரலாறு அதற்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, ரப்பர்த் தோட்டங்களில் தொடங்கப்பட்டவை. காலப்போக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களைப் பின்தொடர்ந்து பல பள்ளிகளும் இடம் மாறின. இடம் மாறினாலும் பழைய தோட்டத்தின் பெயரைப் பல பள்ளிகள் விடவில்லை. நான் படித்த பள்ளியின் பெயர்ப்பலகையிலும் இன்றுவரை 'லாடாங்' இருக்கிறது. ஆனால், பள்ளியைச் சுற்றி வரிசை வீடுகளும் கடைகளும்தாம் உள்ளன. பெயருக்குக்கூட ஒரு ரப்பர் மரம் இல்லை.

இருபது பள்ளிகளின் முகவரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'லாடாங்' என்று பெயர் கொண்ட ஒன்பது பள்ளிகளுள் நான்கு மட்டுமே தோட்டத்தில் இருந்தன. ஐந்து நகரத்திற்கு வந்துவிட்டவை. பெயரில் அச்சொல் இல்லாமலேயே தோட்டத்திற்குள் அமைந்த பள்ளிகள் இரண்டு இருந்தன. ஆக, சரியான விடை ஆறு. அது பயிற்சி அட்டவணைதான், பள்ளிகளும் கற்பனைதான். என்றாலும், அந்த ஒன்பதை நம்பி உண்மையான உதவி ஒன்று வழங்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நகரத்துப் பள்ளிகள் ஐந்துக்கு வேன் வசதி கிடைத்திருக்கும். செம்மண் சாலையில் நடந்து வரும் பிள்ளைகளின் பள்ளிகள் இரண்டு விடுபட்டிருக்கும். விடுபட்டது யாருக்கும் தெரிந்தும் இருக்காது. ஏனெனில், அறிக்கையில் 'தோட்டப்புறப் பள்ளிகள்: 9' என்று அழகாக அச்சாகியிருக்கும்.

நாம் இயல்பாகப் பேசும் தொடர்களில் இத்தகைய மயக்கங்கள் நிறைய உள்ளன. '2022ஆம் ஆண்டு எத்தனை மாணவர்கள் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி எழுதினர்?' என்பது எளிய கேள்வியாகத் தோன்றும். ஆனால், பெருந்தொற்றின் காரணமாகத் தள்ளிப்போன 2021ஆம் ஆண்டுக்கான எழுத்துத் தேர்வு, 2022 மார்ச் மாதத்தில்தான் நடைபெற்றது. 2022ஆம் ஆண்டுக்கான எழுத்துத் தேர்வோ 2023 பிப்ரவரியில் தொடங்கியது. நாம் கேட்பது எந்தத் தேர்வை? பதிவு செய்தவர்களையா, தேர்வு மண்டபத்திற்கு வந்தவர்களையா? பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ரோமன் எழுத்தில் ஒருவர் 'லக்ஷ்மி' ஆகவும், இன்னொருவர் 'லெட்சுமி' ஆகவும், மற்றொருவர் 'லெட்சிமி' ஆகவும் பதிவாகியிருப்பர். ஒரு வடிவத்தை மட்டும் தேடினால் மற்றவர்கள் அட்டவணையில் இருந்தும் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

தமிழில் கேட்டாலும் இதே கவனம் வேண்டும். 'எந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைவாகப் படிக்கிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியா? பாடத்தில் பின்தங்கிய பள்ளியா? நூலகத்தில் குறைவாக வாசிக்கும் பள்ளியா? எதிரில் இருப்பவர் மனிதராக இருந்தால், இடமறிந்து பொருள் கொள்வார். புரியாவிட்டால் திருப்பிக் கேட்பார். கருவியோ பல நேரங்களில் ஒரு பொருளைத் தானே எடுத்துக்கொண்டு விடை தந்துவிடும்.

ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு வெளிவந்த 'பேர்ட்' என்னும் மதிப்பீட்டுத் தொகுப்பில் 95 தரவுத்தளங்களும் அவற்றின் மீதான 12,751 கேள்விகளும் இருந்தன. அதில் துறை அறிந்த மனிதர்கள் ஏறத்தாழ 93 விழுக்காடு சரியாகச் செய்தனர். அப்போதைய முன்னணி மாதிரிகளுள் ஒன்றான ஜி.பி.டி. 4 ஏறத்தாழ 55 விழுக்காட்டையே எட்டியது. அதற்குப் பின் வந்தவை முன்னேறியுள்ளன. ஆனால், அட்டவணையில் எழுதப்படாத உலக விவரங்களை ஊகித்தறிவது இன்னும் கடினமான பகுதியாகவே இருக்கிறது.

இதற்குத் தீர்வு என்ன? எட்கர் காட் 1974ஆம் ஆண்டிலேயே ஒரு வழியைக் காட்டினார். கணினி உடனே விடை தரக்கூடாது. ஐயம் இருந்தால் பயனரிடம் கேட்க வேண்டும். தான் புரிந்துகொண்ட கேள்வியை அவருடைய மொழியிலேயே திருப்பிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்பது அவர் கருத்து. நன்னூல், வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று தெளிவு பெறக் கேட்பது ஐயவினா. நாம் தரவுத்தளத்திடம் கேட்பது அறியாவினா. அதற்கு விடை தருமுன், "தோட்டம் என்று பெயருள்ள பள்ளியா, தோட்டத்தில் அமைந்துள்ள பள்ளியா?" என்று கருவி நம்மிடம் ஐயவினா எழுப்ப வேண்டும். தானாக எழுப்பாவிட்டால், எழுப்பும்படி நாம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பிரிவில் இப்போது மூன்று பழக்கங்களைக் கடைப்பிடிக்கிறோம். முதலாவது, கேள்வியில் உள்ள முக்கியச் சொற்களுக்கு நாங்களே பொருள் வரையறுத்துக் கொடுக்கிறோம். இரண்டாவது, கருவி எப்படிப் புரிந்துகொண்டது என்பதை எளிய தொடர்களில் விளக்கச் சொல்கிறோம். மூன்றாவது, விடை முன்னரே தெரிந்த ஒரு சிறிய பகுதியில் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய அட்டவணையிடம் கேட்கிறோம். அத்துடன், தரவுகளைப் படிக்கும் அனுமதி மட்டுமே கருவிக்கு உண்டு. மாற்றும் அனுமதி இல்லை. மாணவர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் அதன் பார்வைக்குச் செல்வதில்லை.

கணினி நம் மொழியைப் புரிந்துகொள்ளத் தொடங்கிய பிறகு மொழிப்பாடம் எதற்கு என்று சில மாணவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. இப்போதுதான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதே என் பதில். முன்பு, நாம் தெளிவில்லாமல் கேட்டாலும் இடையில் ஒரு மனிதர் இருந்தார், "இதைத்தானே கேட்கிறீர்கள்?" என்று சரிசெய்து கொடுத்தார். இன்று நம் தொடர் நேராகக் கட்டளையாகிறது. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு, ஒரு தொடர் எங்கே மயங்குகிறது, நம் ஊரில் ஒரு பெயர் எப்படி வழங்குகிறது என்று அறிந்தவரே அந்தக் கட்டளையைத் திருத்த முடியும். எனவே, அடுத்த முறை ஒரு கருவி உங்களுக்கு ஓர் எண்ணைத் தரும்போது, அதை எழுதிக்கொள்ளும் முன் சற்று நிறுத்தி, அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.