பத்தொன்பதாவது ஃபிரெட்டுக்குப் பக்கத்தில்

நண்பர் வீட்டில் நேற்று மார்ட்டின் 000-28 ஈ.சி. கிட்டாரை மடியில் வைத்து வாசித்தேன். கழுத்தின் பின்புறம் லேசான 'வி' வடிவம். கட்டைவிரல் தானாக அதில் போய் உட்கார்ந்துகொண்டது. விரல்பலகை முடியும் இடத்தில், 19, 20-வது ஃபிரெட்டுகளுக்கு நடுவே, கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் குட்டிக் கையெழுத்து.

1992-ல் எம்டிவி 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில், இறந்துபோன மகனுக்காக எழுதிய பாட்டை அவர் பாடியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையெழுத்தின் கனம் தெரியும். அன்று அவர் வாசித்த கிட்டார்களில் ஒன்று 1939-ல் செய்த மார்ட்டின் 000-42. அதை ஒட்டி 1995-ல் வந்த கையெழுத்து மாடலில் 461 கிட்டார்கள் மட்டுமே செய்தார்கள். அவருடைய 1974 ஆல்பமான '461 ஓஷன் பூல்வார்ட்'தான் அந்தக் கணக்குக்குக் காரணம். அந்த 1939 கிட்டார் 2004-ல் 7,91,500 டாலருக்கு ஏலம் போனது. பணம், ஆன்டிகுவாவில் அவர் தொடங்கிய போதை மீட்பு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிக் கையெழுத்து போட்ட கிட்டார்களைப் பார்த்து, பெயருக்குத்தான் இவ்வளவு காசா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கலைஞரின் விரல்கள் தேடிக் கண்டடைந்த வசதி, முகம் தெரியாத இன்னொருவர் கைக்கும் கிடைக்கிறதே! எனக்கு அது பெரிய கொடையாகத் தெரிகிறது. நேற்று அந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.