கிரெடிட் என்றால் வரவா, கடனா?



கிரெடிட் என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குத் தமிழில் என்ன என்று மூன்று பேரைக் கேட்டுப் பாருங்கள். பி.காம் படிக்கிறவர் 'வரவு' என்பார். மளிகைக் கடைக்காரர் 'கடன்' என்பார். சினிமாவில் உதவி இயக்குநராக இருப்பவர் 'பேர் போடுறது' என்பார். மூன்றும் சரிதான். ஆனால் தமிழில் வரவு என்றால் முகம் மலரும், கடன் என்றால் முகம் சுருங்கும். எதிரும் புதிருமான இரண்டு பொருள் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தது?

லத்தீனில் 'கிரெடெரே' என்றால் நம்புவது, நம்பி ஒப்படைப்பது. அப்படி ஒப்படைத்த பொருளுக்குப் பெயர் 'கிரெடிட்டும்'. இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கிறிஸ்தவர்களின் விசுவாச அறிக்கையைக் குறிக்கும் 'கிரீட்', நம்பத்தக்க என்ற பொருளில் வரும் 'கிரெடிபிள்' எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள். ஆக, வேரில் பணமே கிடையாது. நம்பிக்கைதான் இருக்கிறது. நம்பினால்தானே பொருளை இன்று கொடுத்துவிட்டுக் காசை அடுத்த மாதம் வாங்குவார்கள்? அப்படித்தான் அது கடன் ஆனது.

தமிழில் இதற்கு மிகவும் பக்கத்தில் நிற்கும் சொல் 'நாணயம்'. சட்டைப் பையில் இருக்கும் சில்லறையும் நாணயம், சொன்ன தேதியில் திருப்பிக் கொடுப்பவரின் குணமும் நாணயம். 'நாணயமான ஆளு' என்று ஊரில் சொல்கிறார்களே, ஆங்கிலேயர் அதைத்தான் 'அவருக்கு நல்ல கிரெடிட் உண்டு' என்கிறார்கள். பாடப்புத்தகங்கள் இந்தச் சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

'கடன்' என்ற சொல்லும் முதலில் இவ்வளவு கசப்பானது இல்லை. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார், தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஒவ்வொருவரின் கடமையையும் 'கடன்' என்றுதான் சொல்கிறார். அங்கே வட்டியும் இல்லை, அசலும் இல்லை.

இப்போது காமர்ஸ் மாணவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். ஒருவன் வங்கியில் 1,000 ரூபாய் கட்டுகிறான். பாஸ்புக்கில் 'கிரெடிட்' என்று விழுகிறது. வகுப்பிலோ, அதே 1,000 ரூபாய்க்கு உன் ஏட்டில் வங்கிக் கணக்கைப் பற்று வை, அதாவது டெபிட் பண்ணு என்கிறார்கள். யார் சொல்வது சரி? இரண்டும் சரி. பாஸ்புக் அவனுடைய ஏடு அல்ல. வங்கியின் பேரேட்டில் அவன் பெயரில் இருக்கும் பக்கத்தின் நகல். வங்கியின் பார்வையில் அவன் பணம் கொடுத்தவன், எனவே அவன் கணக்கில் வரவு. அந்த 1,000 ரூபாய் வங்கி அவனுக்குத் தரவேண்டிய பாக்கி. அட, வங்கியையே கடன்காரன் ஆக்கிவிட்டான் பையன் :)

இதைப் பிடித்துக்கொண்டால் வங்கிச் சரிகட்டும் பட்டியல் பாதி புரிந்த மாதிரி. லூக்கா பாச்சியோலி 1494இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். ஒருவர் பெற்றால் இன்னொருவர் கொடுத்திருக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை.

இணைச் சொற்கள் என்று பார்த்தால் இடத்துக்கு இடம் வேறு. கடன் என்ற பொருளில் 'லோன்', நம்பிக்கை என்ற பொருளில் 'டிரஸ்ட்', பாராட்டு என்ற பொருளில் 'பிரைஸ்', செய்தவர் பெயரைச் சொல்லும் இடத்தில் 'அக்னாலெட்ஜ்மென்ட்'. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வாக்கியம் கெட்டுவிடும். எதிர்ச்சொல்லும் அப்படியே. கணக்கில் டெபிட், கடையில் 'கேஷ்', பாராட்டில் 'பிளேம்'. சின்னக் காசைக் குறிக்கும் பழைய ஆங்கில 'கேஷ்' தமிழின் 'காசு'விலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் போனது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு, அது பிரெஞ்சுப் பெட்டியிலிருந்து வந்தது. பலரும் இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமைப்படுகிறார்கள். பாதிப் பெருமைதான் நமக்கு!

ஒருமை, பன்மையிலும் கவனம் வேண்டும். கடனுக்கு வாங்குவதைச் சொல்லும்போது 'ஆன் கிரெடிட்' என்று ஒருமையில்தான் வரும். செமஸ்டரில் ஒரு தாளுக்கு 4 'கிரெடிட்ஸ்' என்னும்போதும், படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலுக்கும் பன்மை.

இதெல்லாம் வெறும் அகராதி விஷயம் என்று நினைத்தால், கல்விக் கடன் வாங்கிய வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கட்டணத்தை வங்கி பெரும்பாலும் நேராகக் கல்லூரிக்கே அனுப்பிவிடுகிறது. மாணவியின் கடன் கணக்கில் அது டெபிட். தவணை கட்டும்போதுதான் அந்தக் கணக்கில் கிரெடிட் விழும். அங்கே கிரெடிட் என்றால் பணம் வந்தது என்று அர்த்தம் இல்லை, பாரம் குறைந்தது என்று அர்த்தம். சேமிப்புக் கணக்கின் பழக்கத்தில் அதைப் படிக்கிற அப்பா பாவம், குழம்பித்தான் போவார்.

அவர் குழம்பக் கூடாது. ஏனென்றால் பத்திரத்தில் அவரும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர். மகளுக்கு வேலை கிடைக்கத் தாமதமாகித் தவணை தவறினால், அது இரண்டு பேரின் கடன் வரலாற்றிலும் ஏறும். சிபில் நிறுவனம் 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறது. முப்பது வருடம் யாரிடமும் கைமாத்துகூட வாங்காத மனிதருக்கு ஊரில் நாணயம் இருக்கும். அந்த மதிப்பெண்ணில் அது தெரியாது. கடனே வாங்காதவரைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இருக்காது. மகளின் தவறிய தவணைதான் அங்கே அவர் பெயரில் ஏறும் முதல் வரியாக இருக்கக்கூடும். நாணயத்துக்கும் கிரெடிட் ஸ்கோருக்கும் உள்ள தூரம் இதுதான்.

செல்போன் செயலியில் அவசரத்துக்கு மூவாயிரம் வாங்கும் மாணவர்களுக்கும் இதே கதைதான். கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. அதை மதிக்காத செயலிகளும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்த 100 ரூபாய் உங்கள் சேமிப்புக் கணக்கில் வந்து விழும்போது பாஸ்புக்கில் கிரெடிட், உங்கள் ஏட்டில் வங்கிக் கணக்குப் பற்று.