சூட்டிக்கு யாரும் ரஸ்க் கொடுக்க வேண்டாம்



முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நேரம் இருப்பவர்கள் மீதியை வாசியுங்கள். எங்கள் வீட்டு வெள்ளைப் பூனை சூட்டி, கழுத்தில் பச்சைப் பட்டி போட்டவன், உங்கள் குசினி வாசலில் வந்து நின்று கத்தினால் தயவுசெய்து ரஸ்க், பாண், பிஸ்கட், சோறு, பால் எதுவும் கொடுக்காதீர்கள். அவனுக்குச் சீனி வருத்தம். ஒரு நாளைக்கு 2 தரம் இன்சுலின் ஊசி போடுகிறோம்.

"டீச்சர் பூனையப் பட்டினி போட்டு ஊட்டுக்குள்ள அடச்சி வெச்சீக்கிறா" என்று ரோட்டில் கதை அடிபட்டது என் காதுக்கும் வந்தது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை ஒரு சகோதரி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கோபமில்லை. அவன் கத்துகிற கத்தலை வெளியில் இருந்து கேட்டால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சூட்டி வந்து 9 வருஷம். மகன் சின்ன வகுப்பில் படிக்கும்போது மழையில் நனைந்து கிடந்த குட்டியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். உள்ளங்கை அளவு இருந்ததால் சூட்டி என்று பேர் வைத்தோம். பிறகு 7 கிலோவுக்கு வளர்ந்தான். பேரை மாற்றவில்லை. ஆண் பூனை, விதை எடுத்தது, வேட்டைக்குப் போகிற பழக்கமில்லை, நாள் முழுக்க செட்டியில் தூக்கம். உம்மா விடிய பிளேன்டீயில் தோய்த்து ரஸ்க் சாப்பிடும்போது அவனுக்கும் ஒரு துண்டு. பின்னேரமும் ஒரு துண்டு. பூனைக்குச் சீனி வருத்தம் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று டொக்டர் பிறகு சொன்னார்.

நோன்பு காலத்திலேயே அறிகுறிகள் தெரிந்தன. ஸஹருக்கு எழும்பும்போதெல்லாம் வுழூ செய்கிற வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். மணல் பெட்டியை ஒரு நாளைக்கு 3 தரம் மாற்ற வேண்டி வந்தது. அவன் சலம் போன இடத்தில் எறும்பு வரிசை. நான் விஞ்ஞான ஆசிரியை. சதையி, இன்சுலின், இலங்கர்கான் சிறுதீவுகள் என்று ஓ.எல். பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறவள். அந்த எறும்பைப் பார்த்துவிட்டு நான் செய்தது, டெட்டோல் ஊற்றிக் கழுவியது. நல்லாச் சாப்பிடுகிறான், ஆனால் மெலிகிறான் என்றதும் பூச்சி மருந்து கொடுத்தேன். கடைசியில் அவன் பின்னங்கால் குதியை நிலத்தில் பதித்து, முயல் மாதிரித் தாழ்ந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் பேராதனை மிருக வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

எடை 4.3 கிலோ. இரத்தத்தில் சீனி 412. பூனைகளுக்குப் பயத்தினாலேயே சீனி ஏறும் என்பதால் அந்த ஒரு இலக்கத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லவில்லை. சலத்திலும் பார்த்தார்கள், பழைய சில கிழமைகளின் சராசரியைக் காட்டுகிற இன்னொரு இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். பிறகுதான் இன்சுலின் என்றார்கள். கால் அப்படி ஆனதும் சீனி நரம்பைப் பாதித்ததால்தானாம்.

டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. நான் கேட்க முதலே, மிருகங்களுக்கென்று வருகிற ஒரு வகை இன்சுலின் பன்றியின் சதையியிலிருந்து எடுப்பது, உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் மனிதர்களுக்குப் போடுகிற கிளார்ஜின் இருக்கிறது, அது ஆய்வுகூடத்தில் தயாரிப்பது, பூனைகளுக்கு நன்றாகவே வேலை செய்யும் என்று சொன்னார். அந்தக் கவனம் எனக்குப் பெரிதாகப் பட்டது. கிளார்ஜினைத்தான் எடுத்தோம். 12 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், 1 யூனிட். (இது எங்கள் பூனைக்குச் சொன்ன அளவு. யாரும் பார்த்துச் செய்ய வேண்டாம். சிரிஞ்சிலும் 100 என்றும் 40 என்றும் 2 வகை இருக்கிறது. மாறிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு வித்தியாசப்படும்.)

ஊசி போடுவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். இல்லை. முதல் நாள் கை நடுங்கி, ஊசி தோலின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து மருந்தெல்லாம் முடியில் ஊற்றுப்பட்டது உண்மை. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாவிட்டால் திரும்பப் போடக் கூடாது, அடுத்த நேரம் வரை விட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். விட்டேன். 4 நாளில் பழகிவிட்டது. அவன் தட்டில் வாயை வைத்திருக்கும்போது தோளுக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் போட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை.

கஷ்டம் பசிதான்.

அந்த முதல் கிழமைகளில் சூட்டி பசித்த மாதிரி நான் ஒரு உயிர் பசித்துப் பார்த்ததில்லை. தட்டை நக்கி முடித்த நிமிஷமே கத்தத் தொடங்குவான். ரைஸ் குக்கர் மூடியைத் தட்டிவிட்டான். பாண் பையைப் பல்லால் கிழித்தான். மகனின் கையிலிருந்த மாலு பாணைப் பறித்துக்கொண்டு அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டான். இரவு 2 மணிக்கு அறைக் கதவைப் பிறாண்டுவான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சீனி வருத்தம் என்றால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று நானே முடிவெடுத்து அவன் பங்கைப் பாதியாக்கினேன். ரோட்டில் பேசியதில் அந்த 8 நாளைக்கு உண்மை இருந்தது. அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த தரம் போனபோது டொக்டர் ஏசினார். அவனுடைய உடம்பு உண்மையாகவே பட்டினி கிடக்கிறது என்றார். இரத்தம் முழுக்கச் சீனி. ஆனால் இன்சுலின் இல்லாமல் அது கலங்களுக்குள் போகாது. சலத்தோடு வெளியே ஓடுகிறது. உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்கிறது. வயிறு நிறைந்தாலும் பசி போகாது. இந்த நேரத்தில் அளவைக் குறைக்கக் கூடாது, மாவை நிறுத்த வேண்டும். பூனை இறைச்சி தின்னப் பிறந்த பிராணி. ரஸ்க்கும் சோறும் மட்டுமில்லை, பைக்கற்றில் வருகிற உலர் உணவிலும் மாச்சத்து கூட. ஈரமான டின் அல்லது பவுச் உணவை ஒரு நாளைக்கு 4, 5 தரமாகப் பிரித்துக் கொடுங்கள், எடை ஏறும் வரை தாராளமாகக் கொடுங்கள் என்றார். மேலதிகமாக உப்பு, மசாலா இல்லாமல் அவித்த கோழி கொஞ்சம். அதையே முழுச் சாப்பாடாகக் கொடுத்தால் வேறு சத்துகள் குறைந்துவிடும், வெறும் மீனும் அப்படித்தான். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்த குர்பான் இறைச்சியில் எங்கள் பங்கிலிருந்து அவனுக்கும் அவித்துக் கொடுத்தோம். அந்தக் கிழமை அவன்தான் வீட்டு மாப்பிள்ளை.

உம்மாவை மட்டும் எனக்குக் கட்டுப்படுத்த முடியவில்லை. உம்மாவுக்கும் சீனி வருத்தம், 14 வருஷமாக. இன்சுலினும் போடுகிறார். நான் ஸ்கூலுக்குப் போன பிறகு சூட்டிக்கு ரஸ்க் போகிறது என்று சோபாவுக்குக் கீழே கிடந்த தூளில் பிடிபட்டது. ஏசினேன். உம்மா ஏச்சை முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சீனிக்காரன்ட பசி ஒங்களுக்கு வெளங்காது மகள். எனக்கு வெளங்கும்."

நான் பதில் சொல்லவில்லை. உம்மாவின் பிஸ்கட் டின்னை அலுமாரியில் பூட்டி வைத்திருப்பவளும் நான்தான்.

இன்னொன்றும் சொன்னார். "காசு செலவழிச்சி வாங்காம என்ட கிளினிக் மருந்துல கொஞ்சம் போடுங்க, ஒரு யூனிட்தானே." அது வேறு வகை இன்சுலின், கலந்தது, வேலை செய்கிற விதமே வேறு. சரியானதாக இருந்திருந்தாலும் உம்மாவின் பேருக்கு அரசாங்கம் கொடுத்த மருந்து அது. அமானிதம். தொடவில்லை.

ஐந்தாவது கிழமை ஒரு ஜனாஸா வீட்டுக்குப் போயிருந்தேன். பின்னேரம் 5.45தான் எங்கள் ஊசி நேரம். இவர் ஊசியைப் போட்டுவிட்டு மஃரிபுக்குப் பள்ளிக்குப் போய்விட்டார். நான் பிந்தி வந்து, யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்று அவசரமாக இன்னொன்றைப் போட்டேன். இஷாவுக்குப் பிறகு சூட்டி கத்தத் தொடங்கினான். "இப்பதானே திண்டாய்" என்று விரட்டினேன். தட்டுத் தடுமாறி நடந்தான். பிறகு செட்டியில் ஏறப் பாய்ந்து கீழே விழுந்தான். முன்னங்கால் நடுங்கியது. கண் எங்கேயோ பார்த்தது.

காதோரம் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தோம். 41. மனிதர்களின் மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், ஆனால் நடுங்குகிற பூனையை வைத்துக்கொண்டு அந்தக் கணக்குப் பார்க்க முடியாது. டொக்டருக்கு அழைத்தோம். முரசில் தேன் தடவுங்கள், வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும் என்றார். தேன் போத்தல் எங்கே என்று நான் அலுமாரி அலுமாரியாகத் தேட, உம்மா கித்துல் பாணியை விரலில் தொட்டு அவன் முரசில் தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கினான். பிறகு சாப்பாடு. கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் சோதனை. அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. சுபஹ் அதான் கேட்கும்போது 118.

டொக்டர் ஏசவில்லை. சீனி கூடினாலும் பூனை பசிக்குக் கத்தும், சீனி இறங்கினாலும் பசிக்குக் கத்தும், வெளியில் இருந்து பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான், மீட்டர்தான் வித்தியாசம் சொல்லும் என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தை என் மனதில் சிக்கிக்கொண்டது. உம்மா வருஷக்கணக்காக இரவு 2 மணி போல எழும்பி ரஸ்க் தேடுவார். வேர்த்துப் போயிருப்பார். "சீனி வெச்சிக்கிட்டு நடுச்சாமத்துல என்ன தீனி" என்று நான் ஏசியிருக்கிறேன், பிள்ளைகள் முன்னாலும் ஏசியிருக்கிறேன். டின்னைப் பூட்டியதும் அதற்குத்தான். 2 நாள் கழித்து உம்மா எழும்பும் சத்தம் கேட்டபோது சூட்டியின் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன், புது ஊசிமுனையோடு. 58. அடுத்த நாளும் பார்த்தேன். 63. அந்தத் துண்டுக் கடதாசியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். இரவு ஊசியின் அளவைக் குறைத்தார்கள். இப்போது உம்மா விடிய வரைக்கும் தூங்குகிறார். அலுமாரிச் சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.

பணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு மாஸ்டர் கேட்டார், 2022இல் மருந்தில்லாமல் மனுஷரே பட்ட பாட்டைப் பார்த்த நாட்டில் பூனைக்கு இன்சுலினா என்று. நியாயமான கேள்வி. அந்த வருஷம் உம்மாவின் மருந்துக்காகக் கண்டியில் பார்மசி பார்மசியாக அலைந்தவள் நான். சூட்டியின் மருந்து, ஸ்ட்ரிப், பவுச் எல்லாம் சேர்ந்து சனிக்கிழமை டியூஷன் வகுப்பின் காசு அப்படியே போகிறது. ஸதகாவைக் குறைக்கவில்லை, நான் எடுக்க நினைத்த 2 சாரியை எடுக்கவில்லை. இதற்கு மேல் நல்ல பதில் என்னிடம் இல்லை. ஒன்பது வருஷம் வைத்திருந்ததை நோய் வந்ததும் சந்தைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட எனக்கு முடியாது, அவ்வளவுதான்.

இப்போது பதினோராவது கிழமை. ஃபிரிட்ஜ் கதவில் கலண்டர் தொங்குகிறது. ஊசி போட்டவர் நேரம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஸ்கூல் வரவேட்டை விட அது ஒழுங்காக நடக்கிறது. எடை 5 கிலோவுக்குக் கிட்ட வந்திருக்கிறது. பின்னங்கால் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. சில பூனைகளுக்கு ஆரம்ப மாதங்களில் சீனி நல்ல கட்டுப்பாட்டுக்கு வந்தால் இன்சுலினையே நிறுத்தக்கூடிய நிலையும் வருமாம். எங்களுக்கு வருமா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நேற்று முதல் தடவையாகத் தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போய் ஜன்னலில் படுத்தான். எனக்குப் பயம் பிடித்து உடனே காதைக் குத்திப் பார்த்தேன். 164. சும்மா வயிறு நிறைந்திருக்கிறது. உம்மா அந்த மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

ஆனால் அவன் இன்னும் நடிப்பான். கதவு திறந்த நேரம் பாய்ந்து உங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு கிழமை சாப்பிடாதவன் மாதிரிக் கத்துவான். நம்பாதீர்கள். முக்கியமாகப் பள்ளி ரோட்டுச் சந்தியில் வடைக் கடை வைத்திருக்கிற நானா, உங்களுக்குத்தான் சொல்கிறேன். கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால் அவித்த கோழி ஒரு துண்டு கொடுங்கள். அவன் தள்ளாடினால், நடுங்கினால், விழுந்தால் மட்டும் தேனோ பாணியோ முரசில் தடவிவிட்டு உடனே எனக்குக் கோல் எடுங்கள். ஸ்கூல் நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, அதிபரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.