சிகப்பு ரோஜாக்கள்: அக்கா ஒரு கட்சி, பேத்தி ஒரு கட்சி



எங்கள் வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. சொத்துத் தகராறு இல்லை. 1978-ல் வந்த சிகப்பு ரோஜாக்கள் படத்தைப் பற்றி. என் அக்காவுக்கு அந்தப் படம் உயிர். அக்காவின் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள், முழுப் படத்தையும் இப்போதுதான் பார்த்திருக்கிறாள். "பொண்ணுங்களைக் கொல்றவனுக்கு இவ்ளோ அழகான பாட்டா? ஆயா, இது பொம்பளைங்களைக் கரிச்சுக் கொட்டற படம்" என்று பொரிந்து தள்ளிவிட்டாள். "நீ சொல்லு சின்ன ஆயா, நீதானே டீச்சர்" என்று பஞ்சாயத்து என்னிடம் வந்துவிட்டது. வாயால் சொன்னால் பாதியில் மடக்கிவிடுவார்கள். எழுதிவிடுகிறேன்.

பார்க்காத இளையவர்களுக்குச் சுருக்கமாகக் கதை. திலீப் ஒரு பணக்காரன். பெண்களைப் பங்களாவுக்கு அழைத்துவந்து கொன்று, தோட்டத்தில் புதைத்து, மேலே ரோஜாச் செடி வைக்கிறான். அந்தக் கொலைகளைப் படமெடுத்து அவனுடைய வளர்ப்பு அப்பா பார்க்கிறார். துணிக்கடையில் வேலை செய்யும் சாரதாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவளுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. ஓடுகிறாள். கமலும் ஸ்ரீதேவியும் நடித்தார்கள். பாரதிராஜாவுக்கு மூன்றாவது படம். பதினாறு வயதினிலே, கிழக்கே போகும் ரயில் இரண்டையும் பார்த்துவிட்டு இவருக்குக் கிராமம் மட்டும்தான் வரும் என்று பேசினவர்களுக்கு அவர் கொடுத்த பதில் இது. நிவாஸின் கேமரா, இளையராஜாவின் இசை. அந்தக் கறுப்புப் பூனை வந்தபோது என் பக்கத்தில் இருந்த அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது. பயத்தைக் காட்டியதில் குறையே சொல்ல முடியாது. இதைப் பேத்தியும் ஒப்புக்கொள்கிறாள்.

அப்போது எனக்குப் பதினாறு, அக்காவுக்குப் பத்தொன்பது. அக்கா எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு எம்.சி. ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி சமயத்தில் கால் வைக்க இடம் இருக்காது. காலையிலிருந்து இரவு கடை சாத்தும் வரை நின்றே இருக்க வேண்டும். (கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021-ல்!) கால் வீங்கி வருவாள். ஆனாலும் சம்பளக் கவரை நைனா கையில் கொடுக்கும் நாளில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஹார்பரில் மூட்டை தூக்கிய நைனா அந்தக் கவரை வாங்கும்போது கொஞ்சம் கூச்சப்படுவார்.

எங்கள் ஆயா படம் பார்க்கவில்லை, கதையை மட்டும் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறது. "துணிக்கடைக்குப் போற பொண்ணைத்தான் அந்தக் கட்டையில போறவன் தேடி வர்றானாம்" என்று ஆரம்பித்தது. முதலில் ராத்திரி வரை நிற்கக் கூடாது என்றார்கள். அதைக் கடைக்காரர் ஏற்கவில்லை. அப்புறம் வேலையே வேண்டாம் என்றார்கள். தை மாதம் கல்யாணம் முடிந்துவிட்டது. எல்லாம் படத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். நிறுத்தக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

இப்போது பேத்தியின் வாதத்துக்கு வருகிறேன். திலீப் ஏன் கொலைகாரன் ஆனான் என்று ஒரு பழைய கதை வருகிறதே, அங்கேதான் அவளுக்குக் கோபம். சின்ன வயதில் ஒரு பெண் அவனிடம் தப்பாக நடக்கப் பார்த்துவிட்டு, பழியை அவன் மேல் போடுகிறாள். பிறகு அடைக்கலம் தந்த வீட்டில் புருஷனுக்குத் துரோகம் செய்யும் ஒருத்தி. ஆக இரண்டு பெண்கள் கெட்டவர்கள், அதனால் அவன் கெட்டான். இது நியாயமா என்கிறாள். நியாயமில்லைதான். நாங்கள் பார்த்த அன்று அந்த இடத்தில் தியேட்டரில் விசில் பறந்தது. விசில் அடித்தவர்களோடு சேர்ந்துதான் பெண்பிள்ளைகளும் வெளியே நடந்து வர வேண்டியிருந்தது.

ஆனால் கண்ணு, அதே காட்சியை இன்னொரு தடவை பார். மனைவியை அந்தப் பையனின் கண்ணெதிரே கொன்றது யார்? கொன்றதை வீரம் என்று கற்றுக்கொடுத்து வளர்த்தது யார்? வயதான பிறகும் திரையில் கொலை பார்த்து உட்கார்ந்திருப்பது யார்? அந்த வளர்ப்பு அப்பா. கொலைகாரனை உண்டாக்கிய கை படத்திலேயே இருக்கிறது. பாரதிராஜா அதைக் காட்டியிருக்கிறார், அழுத்திச் சொல்லவில்லை. எல்லோரும் அந்த இரண்டு பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டு வெளியே வந்தோம். படத்தின் மேல் எனக்கிருக்கும் வருத்தம் அதுதான்.

இங்கிலாந்தில் 1960-ல் மைக்கேல் பவல் என்பவர் பீப்பிங் டாம் என்று ஒரு படம் எடுத்தார். அதிலும் கொலைகளைப் படம்பிடிப்பவன்தான் நாயகன். சின்ன வயதில் அவனைப் பயமுறுத்தி, அந்தப் பயத்தைப் படம்பிடித்து ஆராய்ச்சி செய்த அப்பாதான் காரணம் என்று அந்தப் படம் தெளிவாகவே சொல்லும். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், பவலின் தொழிலே ஆட்டம் கண்டது. பல வருஷம் கழித்து மார்ட்டின் ஸ்கார்செஸி போன்றவர்கள் தூக்கிப் பிடித்த பிறகு இப்போது அது காவியம் ஆகிவிட்டது. அதே வருஷம் வந்த ஹிட்ச்காக்கின் சைக்கோவோ பழியை அம்மா மேல் போட்டது. அது அப்போதே நன்றாக ஓடியது. எது ஓடும் என்று பாருங்கள்.

அக்காவின் கட்சி வேறு. அவள் பழைய கதையைக் கண்டுகொள்வதே இல்லை. "சாரதா ஒழுக்கமான பொண்ணுன்னுதான் படத்துல பொழைக்க வெச்சாங்க, மத்தவங்களைச் சாகடிச்சாங்க" என்று பேத்தி சொன்னபோது, அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஒழுக்கத்தால இல்லடி, ஓடுனதால பொழைச்சா" என்றாள். பேத்திக்குப் பதில் வரவில்லை. எனக்கும்தான். ஒரு துணிக்கடைப் பெண் கடைசி வரை மூச்சிரைக்க ஓடிப் பிழைக்கும் இன்னொரு படம் அந்தக் காலத்தில் அக்காவுக்கு எங்கே கிடைத்திருக்கும்?

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மூன்று பேரும் ஒரே கட்சி. படத்தின் முடிவு. திலீப் ஜெயிலில் புத்தி பேதலித்து, சாரதா பெயரையே சுவரெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்க்க அவள் மனைவியாக வருகிறாள். அந்த இசையில் மனசு கரையத்தான் செய்கிறது, ஏற்கத்தான் முடியவில்லை. தோட்டத்தில் கிடந்தவர்களைப் பார்க்க யாராவது வந்தார்களா என்று பேத்தி கேட்டாள். அக்கா கேட்டது வேறு: "அவ இன்னாத்துக்கு அங்க போறா? கடைக்கில்ல திரும்பிப் போயிருக்கணும்."

பத்தாவது முடித்துவிட்டு எம்.சி. ரோடு கடைகளில் சேர்ந்த என் மாணவிகள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் வீட்டில் எந்தப் படத்தைக் காட்டி பயமுறுத்தினார்கள்? எழுதுங்கள், அக்காவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.