யானை கடக்கும் பாதையில் ஒரு பள்ளிக்கூடம்

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், ஒட்டுசுட்டான் வரை இருபுறமும் காடும் வயலும் மாறி மாறி வரும். அந்த வீதியில் பஸ்ஸால் இறங்கி, கிரவல் பாதையில் சைக்கிள் உழக்கிப் போனால் நான் சொல்லப்போகும் ஊர் வரும். ஊரின் பெயரை அந்தப் பெண்களே எழுத வேண்டாம் என்றார்கள்.

2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் கொப்பி விலை ஏறியிருந்த காலம். ஒரு பெட்டி கொப்பிகளோடு அந்த ஆரம்பப் பாடசாலைக்குப் போனேன். தரம் 1 முதல் 5 வரை ஒரே மண்டபம். அதிபரோடு மூன்று ஆசிரியர்கள். ஒரே ஆசிரியர் ஒரு பக்கம் 'அ' எழுதப் பழக்கி, மறுபக்கம் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். 'பல்தரக் கற்பித்தல்' என்று நான் பாடப்புத்தகத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கொப்பிகளைக் கொடுத்து முடித்ததும் ஒரு அம்மா சொன்னார்: "பிள்ளை, கொப்பி தந்தது சந்தோசம். ஆனா கொப்பியைக் கொண்டு வாற பாதையிலை ஆனை நிக்குது. அதுக்கு என்ன செய்யலாம்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர்களிடம் இருந்தது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசி, சிரமதானம் வைத்து, பாதையின் இருபுறமும் பற்றையை வெட்டி வெளியாக்கினார்கள். காலையில் இரண்டு தாய்மார் முறை வைத்துப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. புதிய இலத்தியைக் கண்டால் அன்றைக்குச் சுற்றுப் பாதை.

இவர்களில் அதிகமானோர் 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடி, மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் மீள்குடியேறியவர்கள். பலருடைய வீட்டில் உழைக்கும் ஆள் அவர்கள் மட்டுமே. "முகாமிலை தறப்பாளுக்குக் கீழ இருந்தும் என்ரை மகள் புலமைப்பரிசில் சோதினை எழுதினவள். ஊருக்கு வந்த பிறகு பள்ளிக்கூடத்தை விடுவமே?" என்று கேட்டார் ஒருவர்.

அந்த 2022இல் டீசல் இல்லாமல் வான்கள் நின்றன. பல நகரப் பாடசாலைகளும் மூடப்பட்டன. ஆனால் இங்கே மணி அடித்தது. தூர இடத்து ஆசிரியை ஒருவருக்குத் தனியாக இருந்த ஒரு அம்மா தன் வீட்டில் அறை கொடுத்தார். மற்றவர்கள் அரிசியும் முருங்கைக்காயும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நகரத்துக்கு வானில் போய்வந்த பிள்ளைகள் சிலரும் அப்போது இங்கே வந்திருந்து படித்தார்கள். வான் ஓடத் தொடங்கியதும் திரும்பிப் போய்விட்டார்கள். அந்தத் தாய்மாரை ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் கொஞ்சம் கசந்தது. பிள்ளைகளின் தொகை குறைந்தால் இப்படியான சிறிய பாடசாலைகளைப் பக்கத்துப் பாடசாலையோடு சேர்த்துவிடும் பேச்சு எழும். பக்கத்துப் பாடசாலைக்குப் போவதானால் காட்டுப் பாதைதான்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். பாடசாலைச் சத்துணவைச் சமைப்பது இந்தத் தாய்மார்தான். விடிய முன்னம் எழும்பி, விறகு பிளந்து, சோறும் பருப்பும் கீரையும் ஆக்கி, காலை இடைவேளைக்கு முன் கொண்டுவர வேண்டும். அதற்குரிய காசு பிந்தித்தான் வருகிறது. அதுவரை கடையில் கடன். சமையல் முறை வரும் நாளில் கூலி வேலைக்குப் போக முடியாது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி, 1980இல் பாடநூல், 1993இல் சீருடை என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கணக்கில் இந்தப் பெண்கள் இழக்கும் நாட்கூலி எங்கும் எழுதப்படுவதில்லை. 'சமூகப் பங்களிப்பு' என்று அறிக்கையில் எழுதிய எனக்கும் அதில் பங்குண்டு.

கடைசியாகப் போனபோது சமையற்கொட்டில் சுவரில் முறை அட்டவணையைப் பார்த்தேன். ஒரு பெயர் வெட்டப்பட்டு, மேலே வேறு பெயர் எழுதியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"அவவுக்குக் கச்சான் பிடுங்கிற வேலை வந்திட்டுது தங்கச்சி. இந்தக் கிழமை நான் பாக்கிறன். எனக்கு நாற்று நடுகை வரேக்கை அவ பாப்பா."

சொல்லிவிட்டு அவர் அடுப்பை ஊதக் குனிந்தார். மண்டபத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.